மாதிரி நுழையும் வாசலிலிருந்து தொடங்குங்கள்

சிறுநீரில் கதிரியக்கம் அளக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சாதாரண நாளில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் வரும். அணு விபத்து என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றிலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஊருக்குள் பரவியது. ஏறத்தாழ 1,12,000 பேரைப் பரிசோதித்தார்கள். 249 பேரிடம்தான் சீசியம் ஒட்டியோ உள்ளே போயோ இருந்தது. மற்ற எல்லாருக்கும் வேண்டியிருந்தது, "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய ஒரு பதில். ஆய்வகத்தைத் தயார்செய்யும்போது அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கதிரியக்கத்தை அளக்கும் புது டிடெக்டர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் வாசலில் தொடங்கச் சொல்வேன். ஒரு ஒத்திகையில், எங்களிடம் சொல்லாமலே ஒரு பாட்டிலின் மூடியில் புறஊதா விளக்கில் ஒளிரும் பொடியைத் தடவி அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தால், பதிவேட்டின் ஓரம், கதவுக் கைப்பிடி, பிப்பெட், கடைசியில் டிடெக்டரின் ஈயக் கவச மூடி வரை விரல் தடம் நீலமாக மின்னுகிறது. அது சீசியமாக இருந்திருந்தால், அப்புறம் வைத்த ஒவ்வொரு மாதிரியிலும் சீசியம் இருப்பதாகத்தான் கருவி காட்டியிருக்கும். உடம்பில் ஒன்றுமே இல்லாத எத்தனை பேரைக் கலங்கடித்திருப்போம்!

அதனால் மாதிரி வாங்கும் இடம் அளக்கும் அறையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். மேசையில் உறிஞ்சும் தாள் விரியுங்கள். கையில் பிடித்துக் கதிரியக்கம் பார்க்கும் சர்வே மீட்டரை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். பாட்டிலை அது வந்த பையோடு ஒருமுறை, பையை நீக்கி ஒருமுறை என இரண்டு தடவை மீட்டரால் பாருங்கள். வாங்குபவர் உள்ளே போகக் கூடாது, அளப்பவர் வெளியே வரக் கூடாது. மாதிரி கொடுப்பவர் உடை மாற்றி, குளித்து, கை கழுவிய பிறகே கொடுக்க வேண்டும் என்பதைச் சேகரிப்பு முகாமுக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள். கையிலிருந்து பாட்டிலுக்குள் விழுந்த தூசியும் உடம்புக்குள் இருந்து வந்ததும் கருவிக்கு ஒன்றுதான்.

லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், பாட்டிலின் உடலில் ஒட்டுங்கள். பெயரோடு இரண்டு நேரங்கள் கட்டாயம்: கதிரியக்கத்துக்கு ஆளான நேரம், மாதிரி எடுத்த நேரம். இவை இல்லாவிட்டால் எண் கிடைக்கும், அதை வைத்து உடம்பு வாங்கிய அளவைக் கணக்கிட முடியாது.

கதிரியக்கப் பொருள்கள் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வெவ்வேறு கதிர்களை உமிழும். அளப்பதில் காமாவை முதலில் முடியுங்கள், அதற்கு மாதிரியிலிருந்து பொருளைத் தனியே எடுக்கும் வேதிப் பிரிப்பு தேவையில்லை. அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், வெறும் 8 நாள், எனவே அது காத்திருக்காது. மாதிரி கெடாமலிருக்க அமிலம் சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அயோடின் பார்க்கும் வரை அதை நிறுத்தி வையுங்கள். அமிலத்தில் அயோடின் ஆவியாகிப் பறந்துவிடும். கருவி காட்டும் காமா ஆற்றல்களில், நான் எப்போதும் 1461 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கண் வைத்திருப்பேன். அது பொட்டாசியம்-40, எல்லார் சிறுநீரிலும் இயற்கையாக இருப்பது. நீண்ட நேரம் வைத்த மாதிரியில் அது தன் இடத்தில் நின்றால், கருவியின் ஆற்றல் அளவு நகரவில்லை என்று தெரியும்.

காமாவில் ஒன்றும் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். 2006-ல் லண்டனில் பொலோனியம்-210 பரவியபோது பிரச்சினையே அதுதான். அது ஆல்ஃபாவைத்தான் உமிழும், காமா மிகமிகச் சொற்பம். நூற்றுக்கணக்கானவர்களின் சிறுநீரை ஆல்ஃபா முறையில் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மட்டும். வேதிப் பிரிப்பு இல்லாமல் அதைத் தனியாகப் பார்க்க வழியில்லை. இந்த வேலைகளுக்குக் கைப்பழக்கம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் கை மறந்துவிடும். எங்கள் ஆட்களை மாதம் ஒருமுறையாவது பிரிப்பு செய்ய வைக்கிறோம்.

எத்தனை நிமிடம் அளப்பது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். இரவு முழுக்க வைத்தால் மிகச் சிறிய அளவும் தெரியும், ஆனால் வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். மருத்துவரோடு உட்கார்ந்து, சிகிச்சை முடிவுக்கு எந்த அளவு வரை தெரிந்தால் போதும் என்று கேட்டு, அதற்கேற்ற நேரத்தை அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதலில்.

கதிர்வீச்சால் ஏற்பட்ட சேதத்தைப் பார்க்கும் குரோமோசோம் பரிசோதனைக்கு இரத்த மாதிரி என்றால், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுங்கள், குளிரில் உறைய வைக்காதீர்கள். செல்லை வளர்க்கவே 48 மணி நேரம் ஆகும்.

காமா அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டரைக் குளிர்விக்கப் பெரும்பாலும் திரவ நைட்ரஜன் வேண்டும். சாலை மூடப்பட்டால் யார் கொண்டுவருவார்? கேட்டு வையுங்கள். 2011-ல் ஃபுகுஷிமாவில் சுற்றுப்புறக் கதிர்வீச்சே ஏறிப்போனதால் உடம்புக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளைச் சரிவர இயக்க முடியாத நிலை வந்தது. தூரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, அறிக்கை. ஒத்திகையில் தாயாக நடித்த பெண்ணிடம் "கண்டறியும் வரம்புக்குக் கீழ்" என்று அச்சடித்த தாளைக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, அப்போ பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது எங்கள் அறிக்கையின் முதல் வரியே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான். எண் அதற்குக் கீழே, மருத்துவரின் தொலைபேசி எண்ணோடு.