ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து: ராமநாதபுரம் கரையோரப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் முறை

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரின் பழைய தெருவிலும் ஒரே காட்சிதான். சுவரின் மேல்பாதி கல்லுப்போல நிற்கும். தரையிலிருந்து இடுப்பளவு வரை மட்டும் பூச்சு ஊதி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசுவார்கள். ஓரிரு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு சிமெண்டுக்கு மேலே, நெஞ்சளவில், அதே நோய் தொடங்கும்.

காரணம் எளிது. இந்தச் சுவர்கள் முருகைக்கல் எனும் கடல் பவளக்கல்லையோ செங்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியே ஆவியாகிவிடும். கட்டியவர்கள் போட்ட கணக்கே அதுதான். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக இடமில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லையே உள்ளிருந்து நொறுக்குகிறது. எனாமல் பெயிண்ட், பிளாஸ்டிக் எமல்ஷன், சுவரில் ஒட்டும் டைல்ஸ் எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும். தரைக்கு கிரானைட் பதித்த வீடுகளில் திடீரென்று சுவரில் ஓதம் ஏறுவதற்கும் இதுதான் காரணம்: தரை வழியே போய்க்கொண்டிருந்த ஈரம் சுவருக்குத் திரும்பிவிடுகிறது.

தொடங்கும் முன்

கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராமநாதபுரத்தின் ராமலிங்க விலாசம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஆணிகூட அடிக்கக் கூடாது. கோயிலுக்கு இந்து சமய அறநிலையத் துறை, வக்பு சொத்துக்கு வக்பு வாரியம். சொந்த வீடானால் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று படமெடுத்து, ஓதம் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவையுங்கள். ஒரு வருஷம் கழித்து வேலை பலித்ததா என்று சொல்லப்போவது அந்தக் கோடுதான்.

அடுத்து, தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். உடைந்த மழைநீர்க் குழாய், சுவரையொட்டிய குளியலறை, தெரு மட்டம் உயர்ந்து வாசலுக்கு வெளியே தேங்கும் மழைநீர், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. இவற்றை விட்டுவிட்டுப் பூச்சில் கைவைப்பது வீண்செலவு. கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளே தங்கி மறுபடி துளிர்க்கும். வேர் பிடித்த இடத்துக் கல்லைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்துவிட்டுத்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

சிமெண்டை எடுப்பதும் உப்பை இழுப்பதும்

சிமெண்டைக் கைச்சுத்தியலும் உளியும் கொண்டு மட்டும் எடுங்கள். உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல் சாய்த்துப் பிடியுங்கள். டிரில் இயந்திரம் வைத்தால் முருகைக்கல் பொடிந்துவிடும். ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை எடுப்பது நல்லது. இணைப்புகளில் பொடிந்த சாந்தை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

உப்பு அதிகமென்றால் பற்றுப் போடலாம். வெள்ளைக் காகிதத்தை மழைநீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒன்று முதல் இரண்டு செ.மீ. கனத்தில் அப்பி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். காயும்போது உப்பு கூழுக்குள் வந்துவிடும். மூன்று முறை செய்தால் வித்தியாசம் தெரியும். பெரிய சுவருக்கு இது கட்டுப்படியாகாது. அங்கே பலிப்பூச்சுதான் சரி: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த மெலிந்த காரையைப் பூசி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ உப்பைக் குடிக்கவிட்டு, உதிர்த்துவிட்டு நிரந்தரப் பூச்சுக்குப் போவது. பலிப்பூச்சு உதிர்வதைப் பார்த்துக் கொத்தனாரைத் திட்ட வேண்டாம். உதிர்வதற்காகத்தான் அதைப் பூசியது.

சுண்ணாம்பு நீற்றுதல்

சுட்ட சுண்ணாம்பு புதிதாக இருக்க வேண்டும். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சில நிமிஷங்களில் சீறிக் கொதிக்கும். சும்மா கிடந்தால் காற்றுப்பட்டுச் செத்த சரக்கு. தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். எடைக்கு மூன்று மடங்கு தண்ணீர். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். ஆறியபின் 3 மி.மீ. சல்லடையில் வடித்துக் குழியில் சேர்த்து, மேலே எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம். அவசரப்பட்டால் நீறாத பருக்கைகள் பூச்சுக்குள் போய், மாதங்கள் கழித்து அம்மைக் கொப்புளம்போல வெடிக்கும்.

இந்தக் கரையில் பெரும்பாலான வேலை கெடுவது தண்ணீராலும் மணலாலும்தான். போர் தண்ணீர் உவர்ப்பு; அதில் குழைத்தால் நீங்களே சுவரில் உப்பு ஏற்றுகிறீர்கள். ஊருணித் தண்ணீரோ குடிதண்ணீர் லாரியோ வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் 500க்குள் காட்டினால் நிம்மதி. மணலை வடித்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். பால்போலத் திரிந்தால் உப்பு இருக்கிறது. கரைமணல் வேண்டவே வேண்டாம்.

பூச்சு

எல்லாம் சட்டிக் கணக்கு. அடிப்பூச்சுக்கு ஒரு சட்டி சுண்ணாம்பு, மூன்று சட்டி மணல். ஓதம் ஏறும் கீழ்ச்சுவருக்கு ஒரு சட்டி சுண்ணாம்பு, ஒரு சட்டி செங்கல்பொடி, இரண்டு சட்டி மணல். செங்கல்பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கருகிய செங்கல்லை இடிக்கக் கூடாது. தண்ணீரைக் குறைத்து, அரைத்தும் இடித்தும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சுவரை முந்தின நாளே நனைத்துவிட்டு, காரையை வீசி அடியுங்கள். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கனத்தால் உள்ளே இறுகாது, வெளியே வெடிக்கும். மேலே கீறிவிட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்தது. விரல் பதியாமல் நகம் மட்டும் பதிகிற பதத்தில் மரக்கட்டையால் மறுபடி அழுத்தித் தேய்த்தால் மயிர்வெடிப்புகள் மூடிவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலையும் காற்றையும் மறையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். கடைசிப் பூச்சு இரண்டு மி.மீ. போதும். பளபளப்புக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்க வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பளபளப்பில் பெரும்பங்கு தேய்க்கிற கைக்கே.

கல்லும் இரும்பும்

கல் விழுந்த இடத்துக்குப் புது முருகைக்கல் தேடாதீர்கள். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதே சுவரிலிருந்து விழுந்த கல்லை மட்டும் திரும்ப வையுங்கள். மீதி இடத்துக்கு நல்ல சூளைச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து நிரப்பலாம். கற்களைப் பிணைக்க இரும்புக் கம்பி கூடாது. துரு பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். மலிவான ரகம் கடற்காற்றில் புள்ளி விழும்.

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயம்போலக் கூரையில்லாமல் நிற்கும் சுவர்களுக்கு வைத்தியம் வேறு. அவற்றைப் புதிதுபோலப் பூசினால் இடிபாட்டின் முகமே போய்விடும். சுவரின் தலையில் செங்கல்பொடிக் காரையைச் சாய்வாக வைத்துத் தண்ணீர் வழிந்தோடச் செய்து, ஆடும் கற்களை அடியில் சாந்து இறுக்கி நிறுத்தினால் போதும்.

மொட்டைமாடி

தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் முதலில் பார்க்க வேண்டியது தேக்குக் கட்டைகளின் முனை. சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் இற்றுப்போகும். கோணி ஊசி சுலபமாக இறங்கினால் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு மேலே ஏறுங்கள். ஒழுகலுக்கு மேலும் மேலும் சிமெண்ட் ஊற்றிய மாடிகளில் கட்டை வளைவது ஒழுகலால் மட்டுமல்ல, ஏற்றிய பாரத்தாலும்தான். அதை இறக்கிவிட்டு, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு போட்டு, சாய்வு வைத்து, மரக்கட்டையால் நாள்தோறும் அடியுங்கள். கட்டை தடம் பதிக்காமல் எகிறும்வரை, ஒரு வாரமாவது பிடிக்கும். அடிக்கும்போது தெளிக்கக் கடுக்காய்த் தண்ணீர்: 40 லிட்டருக்கு உடைத்த கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், ஒரு நாள் ஊறல். பத்து சதுர மீட்டருக்கு வரும். மேலே தட்டோடு பதித்து, இணைப்பைச் செங்கல்பொடிக் காரையால் நிரப்புங்கள்.

எப்போது செய்வது

தை முதல் பங்குனி வரை. மழை நின்றிருக்கும், சித்திரை வெயில் வந்திருக்காது. வைகாசிக்குப் பின் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களில் காற்று மணலும் உப்புமாக அடிக்கும். கீழக்கரை வீடுகளின் தெற்குச் சுவருக்குத் தனி கவனம் வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் அடி வாங்குவது ஐப்பசி, கார்த்திகையில், வடக்கும் கிழக்கும்.

சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதை வருஷா வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். பால் பதத்தில் கரைத்து, ஈரச் சுவரில், மெல்லிசாக நான்கு கை. ஒட்டுவதற்காக உப்புப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அதைச் செய்யவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.