யெர்பா மாத்தேயைக் கொதிக்க விடாமல் போடுவது எப்படி

முதல் பொட்டலம் கைக்கு வந்த அன்று நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒருவர் அரைக் கிலோ யெர்பா மாத்தே, அதாவது தென் அமெரிக்காவில் டீ போலக் குடிக்கும் இலை, கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்தது நம்ம டீ போடும் முறைதான். பாலும் தண்ணீரும் கலந்து அடுப்பில் ஏற்றி, இரண்டு கரண்டி இலையை அள்ளிப் போட்டு, பொங்கிப் பொங்கி அடங்கும்வரை கொதிக்க விட்டேன். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒன்று வந்தது. ஆயா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஏண்டா, வேப்பங்கொழுந்தையும் வைக்கோலையும் சேத்தா அவிச்சே?" என்று கேட்டார்கள். மீதியை வாய்க்காலில்தான் ஊற்றினேன்.

தப்பு இலையில் இல்லை, கொதியில். அதைச் சரி செய்துவிட்டால் பாக்கி எல்லாம் சுலபம். இப்போது வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் மாத்தே ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, காரைக்குடி அடுக்களையில் இருக்கும் சாமான்களை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மேட்' என்று படிக்கக் கூடாது, மாத்தே. 'யெர்பா' என்றால் ஸ்பானிய மொழியில் புல், மூலிகை. 'மாத்தே' என்பது கெச்சுவா என்ற தென் அமெரிக்கப் பழங்குடி மொழியில் குடுக்கையைக் குறிக்கும் 'மாத்தி' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் குடுக்கை வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ச் சுரைக்குடுக்கைதான். கிராமத்து வீடுகளில் விதை போட்டு வைப்பார்களே, அதே இனம். தென் அமெரிக்காவில் அதில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலால் உறிஞ்சுகிறார்கள்.

செடி, தேயிலைச் செடி இல்லை. கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் சிவப்புப் பழத்தோடு வைக்கும் ஹோலி செடியின் குடும்பம். பராகுவே, அர்ஜென்டினாவின் மிசியோனெஸ், கொரியென்தெஸ் மாகாணங்கள், பிரேசிலின் தென்பகுதி ஆகிய இடங்களில் விளைகிறது. அந்தப் பகுதிப் பழங்குடிகளான குவாரனி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே குடித்து வந்தது. பறித்த இலையை உடனே தீ ஜுவாலையில் வாட்டி, உலர்த்தி, நொறுக்கி, பிறகு பெரும்பாலும் மாதக் கணக்கில் வைத்துப் பதமாக்குகிறார்கள். பழைய புளி, பழைய அரிசி என்று தேடுகிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. மூலிகைத் தேநீர் என்று அட்டையில் போட்டிருப்பதால் சுக்குக் கஷாயம் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். இதில் காஃபின் உண்டு, நன்றாகவே உண்டு.

எதை வாங்குவது?

மூன்று விதம் கிடைக்கும். குச்சியும் இலையும் கலந்தது ஒன்று, குச்சி நீக்கியது இன்னொன்று, காபிக்கொட்டை போல வறுத்தது மூன்றாவது. முதல் தடவை வாங்குகிறவர் குச்சி கலந்ததை வாங்குங்கள். குச்சியைப் பார்த்துக் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கசப்பைக் குறைக்கத்தான் அது. கசப்பு அறவே ஆகாது என்பவர்களுக்கு வறுத்தது நல்லது. ரியோ டி ஜெனிரோ கடற்கரையில் ஐஸ் போட்டு எலுமிச்சையோடு விற்பது அந்த வறுத்த மாத்தேதான்.

ஆரஞ்சு, புதினா, பீச் என்று மணம் சேர்த்த பொட்டலங்களும் வருகின்றன. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த தோலோ இலையோ உள்ளே இருந்தால் சரி. வெறும் எசென்ஸ் என்றால் நான் வாங்குவதில்லை. மணத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

தண்ணீர்தான் விஷயம்

மாத்தேக்கு வேண்டிய சூடு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் இலை வெந்து, கசப்பு முழுவதும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். அதற்காகத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம். இரண்டு பங்கு கொதிக்கும் தண்ணீரோடு ஒரு பங்கு பச்சைத் தண்ணீரைச் சேருங்கள். நம்ம ஊரில் குடத்துத் தண்ணீரே 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் கலவை சுமார் 77 டிகிரி வருகிறது. பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டாலும் 70-க்கு மேலேயே நிற்கும். குளிர்பெட்டித் தண்ணீரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர்வெல் உப்புத் தண்ணீரில் போட்டால் மணம் அமுங்கிப் போகிறது. எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் போட்ட காபியின் ருசியைப் பற்றிப் பழைய ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது என்பது எனக்கு மாத்தே போட்டபோதுதான் புரிந்தது. நல்ல தண்ணீர் கிடைக்காதவர்கள் கேன் தண்ணீரை வைத்துச் சமாளிக்கலாம்.

முதல் டம்ளர்: எதுவும் சேர்க்காமல்

சர்க்கரை, ஏலக்காய், எலுமிச்சை எல்லாவற்றையும் மேடையை விட்டுத் தள்ளி வையுங்கள். முதல் மூன்று நாளாவது வெறும் மாத்தே குடித்தால்தான் நான்காம் நாள் சேர்க்கிற மணம் என்ன செய்கிறது என்று நாக்குக்குத் தெரியும்.

ஒரு மேசைக்கரண்டி இலை, ஏறக்குறைய 5 கிராம், ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து முகர்ந்து பாருங்கள். உலர்ந்த புல், லேசான புகை, சில பொட்டலங்களில் வெற்றிலைக் காம்பு போல ஒரு பச்சை வாசனை. பிறகு ஒரு சிறங்கை பச்சைத் தண்ணீர் தெளித்து இலையை நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். நனைந்த இலை சூட்டைத் தாங்கும், காய்ந்த இலை தாங்காது. அப்புறம் மேலே சொன்ன கலவைத் தண்ணீர் 200 மில்லி ஊற்றி மூடி வையுங்கள். நான்கு நிமிடம். முதல் தடவை ஐந்துக்குப் போக வேண்டாம். டீ வடிகட்டியில் வடித்தால் தூசு கொஞ்சம் அடியில் தங்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள்.

காபி ஃபில்டரில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். தூசு துளைகளை அடைத்துக்கொண்டு, அரை மணி நேரம் சொட்டிச் சொட்டி, கடைசியில் வந்தது கஷாயம். ஃபில்டர் காபிக்கே இருக்கட்டும்.

நிறம் வெளிர் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் சரியாக வந்திருக்கிறது. இனி ருசி பார்ப்பது. நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. அறுசுவையில் கைப்பும் துவர்ப்பும் தனித்தனி என்று சின்ன வயதிலேயே தெரியும். மாத்தேயில் இரண்டும் இருக்கின்றன, பிரித்துப் பாருங்கள். வாயில் பட்டதும் பாகற்காய் போல நாக்கின் மேல் தெரிவது கைப்பு. விழுங்கிய பிறகு நாவற்பழம் தின்ற மாதிரி கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. கைப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீர் சூடு அதிகம். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் நேரம் அதிகமாகிவிட்டது. இரண்டும் இல்லாமல் சப்பென்றிருந்தால் இலை பழசு, அல்லது கை சுருங்கிவிட்டது. நல்ல பதத்தில் போட்டது இரண்டாவது மடக்கில் தொண்டையில் ஒரு இனிப்பை விடும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, ஏறக்குறைய அது.

குடிக்கும்போது ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடாக எந்தப் பானத்தைத் தொடர்ந்து குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. மாத்தே மீது அவர்களுக்குக் கோபம் இல்லை, சூட்டின் மேல்தான். நம்மிடம்தான் டவராவும் டம்ளரும் இருக்கிறதே, நாலு ஆற்று ஆற்றினால் போதும்.

மணம் சேர்ப்பது

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சுக்கு, பட்டை, அன்னாசிப்பூ மாதிரி கெட்டிச் சாமான்கள் 77 டிகிரியில் நான்கு நிமிடம் கிடந்தால் அசையக்கூட அசையாது. அவற்றுக்குக் கொதி வேண்டும். மாத்தேக்கோ கொதி ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வேகாது, இன்னொன்று கெட்டுப் போகும். அதனால் மசாலாவை முதலில் தனியாகக் கொதிக்க வையுங்கள்.

நான் அடிக்கடி போடுவது இது: 200 மில்லி தண்ணீரில் ஒரு சிறு துண்டு தட்டிய சுக்கு, இரண்டு ஏலக்காய், அன்னாசிப்பூவில் இரண்டே இதழ். முழுப் பூ வேண்டாம், பிரியாணி ஆகிவிடும். ஐந்து நிமிடம் கொதித்தால் 150 மில்லி அளவுக்குச் சுண்டும். அடுப்பை அணைத்து 75 மில்லி பச்சைத் தண்ணீர் சேருங்கள். அதே இரண்டுக்கு ஒன்று கணக்குத்தான். இந்தத் தண்ணீரை நனைத்த இலையில் ஊற்றி மூடி நான்கு நிமிடம். வடித்த பிறகு வேண்டுமானால் பனங்கற்கண்டு. கருப்பட்டி போட்டால் அதன் மணம் மாத்தேயை முழுங்கிவிடுகிறது.

மென்மையான இலைகளுக்கு இந்தச் சுற்று வேலை தேவையில்லை. புதினா, எலுமிச்சைப் புல், கசக்கிய நாரத்தை இலை எல்லாம் மாத்தேயோடு கூடவே போடலாம். உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் அப்படியே, அர்ஜென்டினாவிலும் அதைச் சேர்த்து விற்கிறார்கள். தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், கசப்போடு கசப்பு சேரக் கூடாது. எலுமிச்சைச் சாறு மட்டும் எப்போதும் வடித்த பிறகு.

செட்டிநாட்டு ஆள் என்ற வீம்பில் கல்பாசி போட்டுப் பார்த்தேன். வீடு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. "கறி எங்கடா?" என்றார்கள் ஆயா. கல்பாசியும் மராட்டி மொக்கும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

குடுக்கையும் குழலும்

டம்ளரில் கை பழகிய பிறகு ஆசை இருந்தால் குடுக்கை வாங்கலாம். உறிஞ்சும் குழலுக்குப் பொம்பிய்யா என்று பெயர். புதுக் குடுக்கையை உடனே பயன்படுத்தக் கூடாது. குடித்து முடித்த ஈர இலையால் நிரப்பி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊற வைத்து, உட்புறத் தோலைக் கரண்டியால் மெல்லச் சுரண்டிக் காய வையுங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

போடும் முறை: குடுக்கையில் மூன்றில் இரண்டு பங்கு இலை. வாயை உள்ளங்கையால் மூடி, கவிழ்த்து நாலு தடவை குலுக்கினால் தூசு மேலே வந்துவிடும். சாய்த்தபடியே நிமிர்த்தி, இலையை ஒரு பக்கச் சரிவாக நிறுத்துங்கள். தாழ்ந்த பக்கத்தில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம். அது ஊறியதும் குழலின் மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அந்த ஈரமான பக்கம் செருகுங்கள். பிறகு குழலை ஒட்டி வெந்நீர். மேட்டுப் பக்க இலை காய்ந்தே இருக்க வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நனைக்க வேண்டும். குழலை வைத்துக் கிண்டவே கூடாது. கிண்டினால் அடைத்துக்கொள்ளும். ஒரே இலைக்குப் பத்துத் தடவைக்கும் மேல் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம்.

அங்கே ஒருவர் ஊற்ற, ஒரே குடுக்கை, ஒரே குழல், வட்டமாகச் சுற்றி வரும். முதல் சுற்று கசப்பு என்பதால் ஊற்றுகிறவரே அதைக் குடித்துவிடுவார். 'நன்றி' என்று சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள், தெரியாமல் சொல்லிவிட்டால் அடுத்த சுற்று வராது. அண்ணாந்து குடித்துப் பழகிய நம்ம வீட்டில் இதெல்லாம் நடக்குமா? எச்சில் குழலை நீட்டினால் ஆயா சொம்பாலேயே போடுவார்கள். கொரோனா காலத்தில் அர்ஜென்டினாக்காரர்களே ஆளுக்கொரு குடுக்கைக்கு மாறினார்கள். நீங்களும் தனிக் குழல் வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளிக்கு டம்ளரில் வடித்துக் கொடுங்கள்.

வெயிலுக்கு

சித்திரை, வைகாசியில் சூட்டு மாத்தேயை யார் குடிப்பது? பராகுவேக்காரர்கள் இதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு தெரெரே என்கிறார்கள். அந்த வழக்கத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மூலிகைகளை உரலில் நசுக்கித் தண்ணீர்க் கூஜாவில் போடுவது அவர்கள் முறை. நமக்கு நன்னாரி வேரும் புதினாவும் போதும். ஒரு விரல் நீள நன்னாரியைத் தட்டி, ஒரு கைப்பிடி புதினாவைக் கசக்கி, ஒரு லிட்டர் பானைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஐஸ் போட்டு, நான்கு மேசைக்கரண்டி மாத்தேயை 20 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். கசப்பு பாதிகூட இறங்காது. ஆயா விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஒரே மாத்தே இதுதான், அதுவும் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

இலையைக் காற்றுப் புகாத எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு, மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். கர்ப்பிணிகள், நெஞ்சுப் படபடப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யாருக்குமே வேண்டாம். ஒரு நாள் ஏழு மணிக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்து, ராத்திரி இரண்டு மணி வரை கூரையில் எத்தனை பர்மாத் தேக்கு உத்தரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு.