காவலர்களுக்கு மனக்காயப் பயிற்சி: எங்கே தவறுகிறோம்?

லாரி மோதி இறந்த சிறுமியின் உடலுக்குக் காவலாக, அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். கிடைத்த பொருட்களைப் பட்டியல் போடுகிறார்: புத்தகப்பை 1, டிபன் பாக்ஸ் 1. உடலைப் பெற்றோரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, மறுநாள் காலை பந்தோபஸ்துக்குப் போய்விடுவார். பத்து நாள் கழித்து, தன் மகளின் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தத்தில் அவருக்குக் கை நடுங்கலாம். அப்படி நடக்கக்கூடும், அது கோழைத்தனம் அல்ல என்று முன்கூட்டியே சொல்லித்தரத்தான் மனக்காயப் பயிற்சி.

அதில் நடக்கும் பெரிய தவறு, சம்பவம் முடிந்த ஓரிரு நாளில் எல்லோரையும் உட்காரவைத்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வது. கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்றுதான் நமக்கும் தோன்றும். 1983இல் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி மிட்செல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டு இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு 13 மாதம் கழித்தும், நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வந்து வாட்டும் மனக்காய நோய் (PTSD) இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். முதல் குழுவினரின் காயங்கள் சற்றுக் கடுமையானவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சம்பவத்தைப் பார்த்த காவலருக்கு முதலில் வேண்டியது தூக்கம், சாப்பாடு, வீட்டுக்குப் போன் பேச நேரம், பக்கத்தில் பழகிய ஏட்டு ஒருவர். காவலர் தானாகப் பேசினால் கேட்க வேண்டும். தோண்டித் துருவக் கூடாது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி துரத்தினால், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கோரப் படங்களைக் காட்டி ‘மனசைக் கெட்டிப்படுத்துவதும்’ வேண்டாம்.

வகுப்பில் இன்ஸ்பெக்டரையும் உட்காரவைத்துக்கொண்டு, பெயர் எழுதிய படிவத்தில் ‘தூக்கம் வருகிறதா?’ என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்? பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. படிவம் மேலதிகாரி கைக்குப் போகக் கூடாது. அதே இன்ஸ்பெக்டருக்குத் தனியாகப் பயிற்சி கட்டாயம் வேண்டும். லீவு கொடுப்பதும் மறுப்பதும் அவர்தானே.

வீட்டை மறப்பதும் தவறுதான். 2018இல் தமிழகக் காவல்துறை பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுடன் தொடங்கிய நலத்திட்டம் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டது. அது சரியான முடிவு. காவலர் இரவில் திடுக்கிட்டு எழுவதையும், குடி கூடுவதையும் முதலில் பார்ப்பது மனைவிதான். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416 மனைவி கையிலும் இருக்கட்டும். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.