தோழி வீட்டுச் சிக்கனம் நம் வீட்டுக்குப் பொருந்துமா? பலரும் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செராஸ், பூச்சோங் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் நம் பெண்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். எந்தக் கடையில் வெங்காயம் மலிவு, கரண்ட் பில்லை எப்படிக் குறைப்பது, பிள்ளைகளின் பள்ளிச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். நேரில் பார்த்தே இராதவர்கள்கூட அக்கா தங்கையாகப் பழகி, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது நல்ல பழக்கம். விலைவாசி ஏறிய காலத்தில் பல குடும்பங்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு யோசனையும் ஏதோ ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து வருகிறது. அந்த வீட்டில் எத்தனை பேர், எந்த மீட்டர், வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பதையெல்லாம் பார்க்காமல் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். "ராத்திரி பத்து மணிக்கு மேல் துணி துவைத்தால் பில் குறையும்" என்று அடிக்கடி ஒரு செய்தி வரும். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டண முறை மாறியது. அதில் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்ற திட்டமும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விலை கூடுதல். மற்ற நேரங்களிலும் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளிலும் விலை குறைவு. ஆனால் ஸ்மார்ட் மீட்டர் இருந்து, நாமாகக் கேட்டுச் சேர்ந்தால்தான் இது பொருந்தும். சேராத வீட்டில் நள்ளிரவில் துவைத்தாலும் நண்பகலில் துவைத்தாலும் ஒரே விலைதான். சேர்ந்த வீட்டில்கூட யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 காசுதான் வித்தியாசம். பச்சைத் தண்ணீரில் துவைக்கும் மெஷின் ஒரு தடவைக்கு அரை யூனிட் இழுத்தாலே அதிகம். ஆக, மிச்சம் 2 காசு. அதற்காக விடிய எழுந்து வேலைக்குப் போகும் பெண் நள்ளிரவு வரை கண்விழித்துக் கிடக்க வேண்டியதில்லை.

பழைய கட்டணத்தை வைத்துச் சொல்லப்பட்ட யோசனைகளும் இன்னும் சுற்றிவருகின்றன. இப்போது பில்லில் முதலில் பார்க்க வேண்டிய எண்கள் 600, 1,000. மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக் கட்டணம் (ரீடெயில் சார்ஜ்) சேரும். தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் விழும். 1,000 யூனிட் வரை, பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்குக் கிடைக்கும் கழிவு கூடும்; அதைத் தாண்டினால் அந்தக் கழிவே கிடையாது. பில்லைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் ஏர்கோன்தான். ஃபில்டரைக் கழுவி, 24, 25 டிகிரியில் வைத்து, கூடவே காற்றாடியைச் சுழலவிட்டால் கிடைக்கும் மிச்சம், எல்லாச் சுவிட்சையும் தேடித் தேடி அடைப்பதில் கிடைக்காது.

பயணத்திலும் இப்படித்தான். மை50 பாஸ் அருமையான ஏற்பாடு. 50 வெள்ளி கட்டினால் 30 நாளுக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேப்பிட் கேஎல் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். வாரத்தில் ஐந்து நாள், போக 3 வெள்ளி, வர 3 வெள்ளி என்று செலவழிப்பவருக்கு மாதம் 132 வெள்ளி ஆகும். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கோ மாதத்துக்கு 48 வெள்ளிதான் வரும். கேடிஎம் கொமூட்டர் ரயிலில் வருகிறவருக்கு இந்தப் பாஸ் உதவாது. 30 நாள் என்பது பாஸைத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதால், நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் புதுப்பித்தால் பாதி வீணாகும். பினாங்குத் தோழி "எங்களுக்கு ஜார்ஜ்டவுனில் கேட் பஸ் இலவசம்" என்று எழுதினால் அது அவருக்கு உள்ள வசதி. அதை வைத்து இங்கே திட்டம் போட முடியாது.

தூரத்துச் சந்தைக்குப் போவதற்கும் கணக்கு வேண்டும். பூடி95 சலுகையில் லிட்டர் 1.99 வெள்ளிக்குப் பெட்ரோல் கிடைத்தாலும், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்குக் கிலோமீட்டருக்கு 20 காசு ஆகும். செலாயாங் பசார் போரோங்குக்கு (மொத்தச் சந்தைக்கு) போக வர 40 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கே 8 வெள்ளி. டோல், பார்க்கிங் தனி. இரண்டு கிலோ தக்காளியில் அதை எடுக்க முடியாது. நான்கு வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் எடுக்கலாம்.

சேர்த்து வாங்குவதில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது; 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. அப்போதிலிருந்து மூட்டையாக வாங்கிப் பங்கு போடும் பழக்கம் பல குழுக்களில் நிலைத்துவிட்டது. மூட்டை விலை மலிவுதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், பிளாஸ்டிக் பையில் கட்டிய வெங்காயம் வியர்த்து, மேல்தோல் கறுத்து, கழுத்துப் பக்கம் அமுக்கினால் உள்ளே போகும். அப்படி ஒன்று இருந்தாலே பக்கத்தில் இருப்பதும் கெடும். வாங்கி வந்த அன்றே தரையில் பரப்பி, ஈரமானதையும் முளைவிட்டதையும் பிரித்து அந்த வாரமே சமைத்துவிட வேண்டும். மீதியைக் காற்று புகும் கூடையில், உருளைக்கிழங்கிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ செலவாகிறது என்று தெரியாமல் பங்கு எடுக்கக் கூடாது. பருப்பு, ரவை, கடலைமாவுக்கு வண்டுதான் எதிரி. வாங்கியதும் மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் தாங்கும். ஃப்ரீசரில் இடம் இல்லாதவர் ஐந்து கிலோ பையைத் தொடவே வேண்டாம். ஒரு கிலோ பாக்கெட்தான் அவருக்கு மலிவு.

பெரும்பணம் கைவிட்டுப் போவது கூட்டு எனும் சீட்டில்தான். 10 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 வெள்ளி போட, ஒவ்வொரு மாதமும் ஒருவர் 2,000 வெள்ளியை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. தோட்டத்தில் ஒரே லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தியது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எப்போது சம்பளம், யார் சொன்ன சொல் தவறாதவர் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். பணம் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் முகம் காட்ட முடியாது. அந்தப் பயமே பணத்துக்குக் காவலாக இருந்தது.

குழுவில் பழகியவர்கள் நடத்தும் கூட்டில் அந்தக் காவல் கிடையாது. படத்தையும் போன் நம்பரையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை நம்புகிறோம். நம்பரை மாற்றிவிட்டால் ஆள் போனது போனதுதான். "கடைசி நம்பர் (கடைசி மாத முறை) எடுத்தால் நல்ல சேமிப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: முதல் மாதம் எடுப்பவர் கடன் வாங்குகிறார், 10-ஆவது மாதம் எடுப்பவர் மற்றவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். அவர் போட்ட 2,000 வெள்ளிக்கு 2,000 வெள்ளிதான் திரும்பும். நடுவில் ஒருவர் நழுவினால் அதிலும் 200 குறையும். இருவர் என்றால் 400. ஆபத்து முழுக்க அவர் தலையில், லாபம் ஒரு காசு இல்லை.

"கடைசி நம்பருக்கு 300 வெள்ளி கூடுதலாகத் தருகிறோம்" என்று வரும் கூட்டு இன்னும் மோசம். அந்த 300 வெள்ளி அவசரத்துக்கு முதல் நம்பர் கேட்பவரிடமிருந்து பிடுங்கப்படுவது. அவ்வளவு அவசரத்தில் இருப்பவர், பணம் கைக்கு வந்த பிறகு எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டுவார்? நடத்துபவரே வேறு வேறு பெயரில் மூன்று நான்கு நம்பரை வைத்துக்கொள்வதும் நடக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடுக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே சமயத்தில் ஐந்தாறு கூட்டு ஓட்டுகிறவரிடம் பணம் கொடுக்குமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், வீட்டு வாசல் தெரிந்தவர்களோடு மட்டும் சேருங்கள். ஆளுக்கு ஒரே நம்பர்; பணம் பேங்க் வழியாக மட்டும்; பத்துப் பேர் பெயரும் முறையும் எல்லார் கையிலும் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கிறவர், துணி தைக்கிறவர், கிராப் ஓட்டுகிறவர் அதே 200 வெள்ளியை ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் போட்டால் கணக்கு வேறு. மாதச் சம்பளம் இல்லாத, 60 வயதுக்கு உட்பட்ட குடிமக்களுக்கானது அது. 2025 முதல், ஓராண்டில் நாம் போடும் தொகைக்கு அரசு 20 விழுக்காடு சேர்க்கிறது. ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வெள்ளி வரை. ஆண்டுக்கு 2,400 வெள்ளி போட்டவருக்கு 480 வெள்ளி கூடுதல், அதற்கு மேல் ஈபிஎஃப்பின் லாப ஈவு. இதில் போட்டதில் பெரும்பகுதியை நினைத்தபோது எடுக்க முடியாது. அதனால் தீபாவளிச் செலவுக்கான பணத்தை இதில் போடக் கூடாது; முதுமைக்கு என்று ஒதுக்குவதைப் போடலாம்.

தங்கத்தை அடகு வைத்து, அந்தப் பணத்தில் மேலும் தங்கம் வாங்கி, அதையும் அடகு வைக்கச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது. உரிமம் பெற்ற அடகுக் கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். தவணை 6 மாதம். 5,000 வெள்ளிக்கு மாதம் 100 வெள்ளி, ஆறு மாதத்தில் 600 வெள்ளி. நகையாக வாங்கினால் செய்கூலியும் போயிற்று. விலை ஏறிக்கொண்டே இருந்தால்தான் இது நிற்கும். ஏறாத ஒரு ஆறு மாதம் வந்தால் அம்மா போட்ட சங்கிலியும் சேர்ந்து போகும். அவசரத்துக்கு நகையை அடகு வைத்து மீட்பது வேறு. அதை வியாபாரமாக்குவது வேறு.

உதவித் தொகை லிங்குகளைப் பகிர்வதையும் நிறுத்த வேண்டும். 2025 ஆகஸ்ட் 31-இலிருந்து 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் சாரா உதவியாக 100 வெள்ளி மைகாட் அடையாள அட்டையில் நேரே சேர்ந்தது. யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. "இங்கே அழுத்திப் பேங்க் விவரத்தைக் கொடுங்கள்" என்று வரும் எதுவும் பொறிதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே பேங்குக்கும் மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் அழையுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

என்னை மிகவும் வருத்துவது மருந்தில் செய்யும் சிக்கனம். "சர்க்கரை இறங்கிவிட்டது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன், மாத்திரை இரண்டு மாதம் வருகிறது" என்று ஒருவர் எழுத, நாலு பேர் கைதட்டுகிறார்கள். இனிப்பு நீர் மற்ற இனங்களைவிட நம்மவர்களிடம் கூடுதல் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சர்க்கரை இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சத்தமில்லாமல் ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பிடிக்கும். தனியார் கிளினிக்கில் மருந்து விலை கட்டுப்படியாகவில்லை என்றால், குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். எஸ்டிஆர் எனும் அரசு ரொக்க உதவி பெறுபவரும் துணைவரும் 40 வயதைத் தொட்டிருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் செய்தி அடுத்த முறை குழுவில் வந்தால், அதன் கீழேயே இந்த இரண்டு விவரத்தையும் எழுதிப் போடுங்கள்.