'டோ த லைன்': எழுத்தில் நேரும் பிழைகள்

மேலிடம் வகுத்த நெறியை, மனம் ஒப்பாவிட்டாலும், மீறாமல் நடந்துகொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டோ த லைன்' என்ற மரபுத்தொடர் வழங்குகிறது. இதைப் பேசும்போது பிழை வெளியே தெரிவதில்லை, எழுதும்போதுதான் தெரிகிறது. முதற்சொல் கால்விரலைக் குறிப்பது. டி, ஓ, இ என்ற மூன்று எழுத்துகளால் ஆனது. இழுத்துச் செல்வதைக் குறிக்கும் டி, ஓ, டபிள்யூ என்ற சொல்லும் அதே ஒலியுடையது என்பதாலும், கடலோடிகளின் வழக்கில் 'லைன்' கயிற்றையும் குறிக்கும் என்பதாலும், கயிறு கட்டி எதையோ இழுப்பதாக எண்ணிப் பலர் இழுப்பதைக் குறிக்கும் சொல்லையே எழுதிவிடுகின்றனர். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் ஆதலால், எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இது அகப்படாது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலேயே இப்பிழையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

தரையில் உள்ள கோட்டில் கால்விரல் நுனி படும்படி ஒழுங்காக நிற்பதே தொடருக்கு அடிப்படையான காட்சி. 19ஆம் நூற்றாண்டில் இது 'டோ த மார்க்' என்ற வடிவிலும் வழங்கியது. பிரிட்டன் மக்களவைக் கம்பளத்தில் எதிரெதிர்க் கட்சியினரைப் பிரிக்கும் சிவப்புக் கோடுகளிலிருந்து இது பிறந்ததாகச் சொல்லப்படும் கதை சுவையானதுதான், ஆனால் அதற்குச் சான்று இல்லை. கட்டுரையில் அதை உண்மையாக எழுத வேண்டாம்.

வினைக்கும் கோட்டுக்கும் இடையே 'டு', 'இன்' போன்ற முன்னிடைச்சொல் எதுவும் வராது. 'இங்' சேரும்போதும் ஈற்றிலுள்ள இ என்ற எழுத்தை விடக்கூடாது. 'பார்ட்டி' என்ற சொல்லைக் கோட்டுக்கு முன் சேர்த்தால் கட்சியின் நிலைப்பாட்டுக்குக் கட்டுப்படுதல் என்றாகும். கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், அரசியலமைப்பில் 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடைச் சட்டம்) பதவியையே இழக்க நேரிடலாம் என்ற நிலையில் உள்ள நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றிய செய்திகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

எழுத்துக்கூட்டலைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது தொடரின் தொனி. இது பாராட்டு அன்று. வேறு வழியின்றி அடங்கிப்போதல் என்ற சாயல் இதில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊழியர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர், அவர் எப்போதும் 'டோ த லைன்' செய்பவர் என்று நல்லெண்ணத்தோடு குறிப்பிட்டால், சொந்தக் கருத்து இல்லாமல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். விதிகளை மதித்து நடப்பவர் என்பதுதான் கருத்தென்றால், மரபுத்தொடரை விட்டு அதை நேராகவே எழுதிவிடலாம்.