ஏஜெண்டுக்கு ஒரு பவர் பத்திரம்: ஆப் பில்ட் குறிப்பு எழுதுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ‘ஏஜெண்டு’ புதுச் சொல் இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் முதலாளிக்காக வட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டவருக்கு அதுதான் பெயர். வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. எதெதற்கு அவர் கையெழுத்துப் போடலாம் என்று பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். நான் பத்திரமே இல்லாமல் ஒரு ஏஐ ஏஜெண்டை, அதாவது சொன்ன வேலைக்கான கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் தானே ஓட்டும் ஏஐயை, வேலைக்கு விட்டேன்.

ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு, ஆர்டர் எழுதிக்கொள்ள ஃப்ளட்டரில் (ஆப் செய்யும் கூகுள் கருவி) சின்ன ஆப் செய்து கொடுத்திருந்தேன். ப்ளே ஸ்டோரில் இல்லை. ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். புது லேப்டாப்பில் “ரிலீஸ் பில்ட் போடு” (கோடிலிருந்து, வெளியே கொடுக்கும் ஏபிகேயை உருவாக்கு) என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். கீஸ்டோர், அதாவது ஆப்பில் கையொப்பம் போடும் சாவி இருக்கும் கோப்பு, பழைய லேப்டாப்பிலேயே கிடந்தது. ஏஜெண்டு என்னைக் கேட்கவில்லை. கையொப்பத்தை டீபக் சாவிக்கு (சோதனைக்கு மட்டுமான சாவி) மாற்றிவிட்டு, பில்ட் வெற்றி என்றது. சாவி மாறினால் ஆண்ட்ராய்டு பழைய ஆப்பின் மேல் புதியதை ஏற்றாது. “இன்ஸ்டால் ஆகலையே தம்பி” என்ற அண்ணன், பழையதை அவரே அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். போனுக்குள் இருந்த ஆர்டரெல்லாம் அதோடு போச்சு.

ஏஜெண்டுக்கான பவர் பத்திரம் என்பது, பில்ட் எப்படிப் போடுவது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லும் ஒரு குறிப்புக் கோப்பு. அதை எழுத இனி நீங்கள் செய்ய வேண்டியது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: முதலில் நீங்களே பில்ட் போடுங்கள்

ப்ராஜெக்டைப் புது ஃபோல்டரில் க்ளோன் செய்து (நகலெடுத்து), கையால் ஒரு முறை பில்ட் போடுங்கள். தட்டிய ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் நிச்சயம் ஒன்று விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போனது, ஆப்புக்குத் தேவையான பேக்கேஜ்களை இறக்கும் ‘ஃப்ளட்டர் பப் கெட்’.

படி 2: கோப்பு

ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்று ஒரு கோப்பு. பல ஏஜெண்டுகள் இதைத் தேடிப் படிக்கும். கிளாட் கோட் என்ற ஏஜெண்டைப் பயன்படுத்தினால் ‘கிளாட் டாட் எம்டி’ என்ற கோப்பில் @ போட்டு முதல் கோப்பின் பெயரை எழுதினால் போதும். சுருக்கமாக எழுதுங்கள், ஆப்பின் வரலாறெல்லாம் இங்கே வேண்டாம்.

படி 3: கட்டளையும் அடையாளமும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வெறும் கட்டளையை எழுதினால் பாதி வேலைதான். எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுவது, எவ்வளவு நேரம் ஆகும், முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். என் கோப்பில் இருப்பது (கிரேடில் என்பது ஆண்ட்ராய்டு பில்டை நடத்தும் கருவி; எக்ஸிட் கோடு 0 என்றால் கட்டளை பிழையின்றி முடிந்தது):

“சோதனை பில்ட்: ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் ‘ஃப்ளட்டர் பில்ட் ஏபிகே --டீபக்’. முதல் தடவை கிரேடில் நிறைய டவுன்லோட் செய்யும். பத்து நிமிஷம் வரை பொறு, நடுவில் நிறுத்தாதே. எக்ஸிட் கோடு 0 வர வேண்டும். பில்ட் / ஆப் / அவுட்புட்ஸ் / ஃப்ளட்டர்-ஏபிகே ஃபோல்டரில் இருக்கும் ஏபிகே, இப்போது உருவானதுதானா என்று நேரத்தைப் பார்.”

அந்தக் கடைசி வரி முக்கியம். பில்ட் தோற்றாலும் நேற்றைய ஏபிகே அங்கேயே இருக்கும். அதைக் காட்டி ஏஜெண்டு “ரெடி” என்று சொல்லிவிடும். பொறுக்கச் சொல்லும் வரியை விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பில்டைத் தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ப்ளே ஸ்டோருக்குப் போகும் ஆப் என்றால் ‘ஃப்ளட்டர் பில்ட் ஆப்பண்டில்’ என்பதையும் எழுதுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் புது ஆப்களுக்கு அங்கே, இந்தக் கட்டளை தரும் ஏஏபி கோப்புதான்.

படி 4: தெரிந்த பிழைகள்

பிழைச் செய்தியை டெர்மினலில் வந்தபடியே ஒட்டுங்கள், கீழே தீர்வு. உதாரணம்: ஜாவா 17 வேண்டும், நீ 11 வைத்திருக்கிறாய் என்று கிரேடில் திட்டும். தீர்வு: ‘ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஜேடிகே-டிர்’ கொடுத்து, சரியான ஜாவா இருக்கும் இடத்தைக் காட்டுவது. இதை எழுதாவிட்டால் ஏஜெண்டு கிரேடில் பதிப்பைக் குறைத்துப் பார்க்கும், அதனால் இன்னொரு பிழை வரும், அதற்கு வேறொன்றைக் குறைக்கும். ஆண்ட்ராய்டு எஸ்டிகே உரிமங்களுக்கு ஒய் தட்டி ஒப்புக்கொள்வதை நீங்களே முன்கூட்டி முடித்துவிடுங்கள். அந்தக் கேள்வியில் ஏஜெண்டு அப்படியே நின்றுவிடும்.

படி 5: பவர் இல்லாதவை

“கீஸ்டோரை உருவாக்காதே. கையொப்ப அமைப்பை மாற்றாதே. ‘கீ டாட் ப்ராப்பர்டீஸ்’ கோப்பு இல்லையென்றால் வேலையை நிறுத்தி என்னைக் கேள்.” கீஸ்டோர் எங்கே, அதன் பாஸ்வேர்டு என்ன என்பது அந்தக் கோப்பில்தான் இருக்கும். ‘செய்யாதே’ என்பதோடு விடாமல், அதற்குப் பதில் என்ன செய்வது என்பதையும் எழுதினால்தான் வேறு வழி தேடாது. பாஸ்வேர்டைக் குறிப்பில் எழுதவே கூடாது. குறிப்புக் கோப்பு கிட்டுக்குள் (கோடையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இடம்) போகும்.

படி 6: சோதனை

பழைய உரையாடலில் சோதிக்காதீர்கள், அதற்கு எல்லாம் தெரிந்திருக்கும். புது செஷன் திறந்து, கீ டாட் ப்ராப்பர்டீஸை வேண்டுமென்றே வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, “ரிலீஸ் பில்ட் போடு” என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே குறிப்பில் ஒரு வரி கூடும். எனக்கு மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது: கீ டாட் ப்ராப்பர்டீஸ் காணவில்லை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு நின்றது.