லைவ் தெரிந்தால் போதுமா? கேமராப் பதிவைச் சேமிப்பதில் செய்யும் தவறுகள்

வீடுகளுக்கு சிசிடிவி மாட்டித் தருவது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும், ஆன்லைனில் கேமரா வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்பவர்களும், நாங்கள் தொடக்கத்தில் செய்த தப்புகளை ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறார்கள். கேமராவை எந்த மூலையில் வைக்கலாம் என்று மணிக்கணக்கில் யோசிப்பார்கள். அது எடுக்கும் படம் எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், லென்ஸைத் துடையுங்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

எத்தனை நாள் பேக்கப் வரும் என்று கணக்குப் போடாமல் வாங்குவது

கேமராவின் செட்டிங்கில் பிட்ரேட் என்று ஒரு எண் இருக்கும். அது 4 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 லட்சம் பிட் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக நொடிக்கு அரை எம்பி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கினால் ஒரே கேமரா நாளுக்கு 43.2 ஜிபி எழுதுகிறது. நான்கு கேமரா என்றால் 172.8 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குக்கூடத் தாங்காது. பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து, கிளம்பிய மறுநாள் என்ன நடந்தது என்று தேடினால் அது எப்போதோ அழிந்திருக்கும்.

வீடியோவைச் சுருக்கும் முறையை செட்டிங்கில் எச்.264-இலிருந்து எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் இன்னும் மிச்சம். ஆனால் அசைவைக் கேமரா கவனிக்கத் தவறினால் பதிவே இருக்காது. வாசலைப் பார்க்கும் கேமராவை மட்டுமாவது 24 மணி நேரமும் ஓட விடுங்கள்.

லைவ் தெரிகிறது, அதனால் பதிவாகிறது என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். இந்த அழைப்புகள் எல்லாமே ஏதாவது காணாமல் போன பிறகுதான் வரும். ஒரு வீட்டில் வாசலில் நின்ற சைக்கிளைக் காணோம். வீட்டுக்காரர் ஃபோனைக் காட்டினார். லைவ் பளிச்சென்று இருந்தது. “கேமரா நல்லாத்தான் சார் ஓடுது, பழசு மட்டும் எடுக்கத் தெரியல” என்றார். ப்ளேபேக்கைத் திறந்தேன். கடைசியாகப் பதிவான காட்சியில் பக்கத்து மனை வெறும் மண்ணாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே இரண்டு மாடி எழும்பி, பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அத்தனை மாதமும் அந்தக் கேமரா ஒரு நொடியைக்கூட எழுதவில்லை.

உள்ளே இருந்தது ஃபோனில் போடும் சாதாரண 32 ஜிபி மெமரி கார்டு. இப்படிப்பட்ட கார்டு, படத்தை ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. தரவு உட்காரும் அதன் நுண்ணிய அறை ஒவ்வொன்றும், அதாவது ஒவ்வொரு செல்லும், இத்தனை முறைதான் எழுதுவதைத் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரு செல்லில் மூன்று பிட், நான்கு பிட் என்று திணித்து விலையைக் குறைத்த கார்டுகளில் அந்த வரம்பும் குறைவு. 4 எம்பிபிஎஸ் கேமரா அதை 18 மணி நேரத்துக்குள் நிரப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கும். வெளிச்சுவரில் மாட்டிய கேமராவாக இருந்தால் வெயில் சூடும் சேர்ந்துகொள்ளும்.

இதில் ஏமாற்றுவது கார்டு சாகும் விதம். பல கார்டுகள் தேய்ந்துபோனதும், இருக்கும் தரவைக் காப்பாற்ற ‘ரீட் ஒன்லி’ நிலைக்குப் போய்விடும். பழைய காட்சிகள் அழகாக ஓடும். புதிதாக எதுவும் ஏறாது. ஃபார்மட் கொடுத்தால் முடிந்துவிட்டது என்று சொல்லும். கேமராவை அணைத்துப் போட்டால் அதே பழைய காட்சிகள் திரும்ப வந்து நிற்கும். சில கேமராக்களின் ஆப்பில் கார்டின் நிலை அப்போதும் ‘நார்மல்’ என்றே இருக்கும். லைவுக்கும் கார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்ட கார்டு வாங்குங்கள். எத்தனை ஆயிரம் மணி நேரப் பதிவைத் தாங்கும் என்று அதிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். சாதாரணக் கார்டுகள் சிலவற்றின் வாரண்டியில், தொடர் வீடியோப் பதிவுக்குப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்றே இருக்கிறது, படிப்பவர்தான் இல்லை. கேமராவோடு இலவசமாகத் தரும் கார்டை நான் மாட்டுவதே கிடையாது. போலிக் கார்டுகளும் நிறைய. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. கம்ப்யூட்டரில் போட்டு முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

நல்ல கார்டு போட்டாலும் வாரம் ஒருமுறை ப்ளேபேக்கைத் திறக்க வேண்டும். நேற்று நடுராத்திரிக் காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பிறகு, இருப்பதிலேயே பழைய தேதி எது என்று பாருங்கள். ஒருமுறை நிரம்பிய கார்டில் அந்தத் தேதி வாரத்துக்கு வாரம் இன்றைய தேதியை நோக்கி நகர்ந்தே தீரும். நகரவில்லை என்றால் கார்டைக் கழற்றுங்கள். இதைச் சொன்னால், “புதுக் கார்டுதானே சார்” என்பார்கள்.

பழைய கம்ப்யூட்டர் டிஸ்கை டிவிஆரில் போடுவது

டிவிஆர் என்பது எல்லாக் கேமராக்களின் படத்தையும் டிஸ்கில் பதியும் பெட்டி. டெஸ்க்டாப் டிஸ்குகள் பலவற்றுக்கு, எழுதுவதும் படிப்பதும் சேர்த்து ஆண்டுக்கு 55 டிபி வேலைதான் கணக்கு. மேலே சொன்ன நான்கு கேமராக்கள் ஆண்டுக்கு 63 டிபி எழுதுகின்றன. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்குகள் ஆண்டுக்கு 180 டிபி என்ற கணக்கில் வருபவை. தவிர, டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரில், அதாவது பழுதான சின்னப் பகுதியில், மாட்டினால் அதையே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் வீடியோ விட்டுப்போகும்.

டிவிஆரை டிவிக்குக் கீழே வைப்பது

வருகிறவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான்.

கிளவுட் இருக்கிறதே என்று கார்டை விடுவது

ரவுட்டருக்குக் கரண்ட் போனால் கிளவுடும் போச்சு. பெரும்பாலான திட்டங்களில் அசைவு வரும்போது எடுக்கும் சின்னச் சின்னத் துண்டுகள்தான் மேலே ஏறும். முழு நேரமும் ஏற்றலாம் என்றால், 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்றே மாதத்துக்கு 648 ஜிபி அப்லோட் கேட்கும். சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால் பழைய துண்டுகளும் கைவிட்டுப் போகலாம். கார்டும் கிளவுடும் சேர்ந்து இருக்கட்டும்: பெட்டியோ கேமராவோ திருடு போனாலும் கிளவுடில் ஏறிய துண்டு தப்பும், இணையம் அறுந்தாலும் கார்டில் முழுப் பதிவும் இருக்கும். ரவுட்டரை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

கடிகாரத்தைக் கவனிக்காதது

இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்டிபியை செட்டிங்கில் ஆன் செய்யுங்கள். இணையம் இல்லாத டிவிஆர் என்றால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

சம்பவம் நடந்த பிறகு ‘அப்புறம் எடுக்கலாம்’ என்று விடுவது

டிவிஆர் யாருக்காகவும் காத்திருக்காது. நிரம்பியதும் பழசின் மேல் எழுதிக்கொண்டே போகும். அப்படி எழுதப்பட்ட இடத்திலிருந்து எந்த ரெக்கவரி கடைக்காரராலும் பழைய படத்தை மீட்க முடியாது. அன்றைக்கே பென் டிரைவில் எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுங்கள். ஆள் நோட்டம் பார்த்துவிட்டுப் போனது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டிவித் திரையை ஃபோனால் படம்பிடித்து வைத்துக்கொண்டு இதுதான் ஃபுட்டேஜ் என்று நீட்டாதீர்கள். அதில் முகமும் தெரியாது, நம்பர் பிளேட்டும் தெரியாது. மூலக் கோப்பையே எக்ஸ்போர்ட் செய்து, அதை ஓட்டும் ப்ளேயரையும் அதே பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.